மேற்கோளும் சாட்சியும்: தேர்வுத்தாள்களை முன்வைத்துச் சில எண்ணங்கள்

அரபு இலக்கணம் கற்றோர் 'ஷாஹித்' என்னும் கலைச்சொல்லை நன்கு அறிவர். ஒரு விதியை நிறுவும் பொருட்டு இலக்கண ஆசிரியர் எடுத்துக்காட்டும் கவிதையடிக்கு முன்னோர் இட்ட பெயர் அது. சாட்சி என்பது அதன் நேர்ப்பொருள். காழியின் முன் நின்று தாம் கண்டதைச் சொல்பவரையும் அரபியர் இதே சொல்லால்தான் அழைப்பர். தமிழில் நாம் வழங்கும் 'மேற்கோள்' என்னும் சொல்லில் இந்த நீதிமன்ற வாடை இல்லை. அதனால்தானோ என்னவோ, நம் மாணவர்களின் விடைத்தாள்களில் மேற்கோள் சாட்சியாக வருவதில்லை, விருந்தாளியாக வருகிறது. வந்தது, அமர்ந்தது, சென்றது. அதனிடம் எவரும் எதையும் கேட்பதில்லை.

25 ஆண்டுகளுக்கு மேலாக அரபு இலக்கிய விடைத்தாள்களைத் திருத்தி வருகிறோம். அவற்றுள் இரண்டு தாள்கள் இன்றும் நினைவை விட்டு அகலவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் விடைத்தாள் திருத்தும் முகாமொன்றில் அவை நம் கைக்கு வந்தன. ஜாஹிலிய்யாக் காலத்துப் பெருங்கவிஞர் ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மா தமது முஅல்லகாவில் போரை எவ்வாறு சித்திரிக்கிறார் என்பது வினா. மதிப்பெண் 15.

ஸுஹைரின் அக்கவிதை எழுந்த சூழலை வாசகர்கள் அறிந்திருக்கக் கூடும். அப்ஸ், துப்யான் என்னும் இரு உறவுக் குலங்களுக்கிடையே குதிரைப் பந்தயம் ஒன்றை ஒட்டி மூண்ட பகை நெடுங்காலம் நீடித்தது. பந்தயத்தில் ஓடிய தாஹிஸ், கப்ரா என்னும் குதிரைகளின் பெயராலேயே அப்போர் அழைக்கப்படுகிறது. ஹரிம் இப்னு ஸினான், ஹாரிஸ் இப்னு அவ்ஃப் என்னும் இரு தலைவர்கள் கொலையுண்டோருக்கான இழப்பீட்டைத் தாமே ஏற்றுச் சமாதானம் செய்து வைத்தனர். அவ்விருவரையும் போற்ற எழுந்ததே இக்கவிதை. அதன் நடுப்பகுதியில் போரைப் பற்றிய எச்சரிக்கை வருகிறது. இறுதிப்பகுதியில் முதுமையின் சலிப்பும் உலகியல் அறிவுரைகளும் நிரலாக வருகின்றன.

அந்த அறிவுரை அடிகள்தாம் நம் மாணவர்களுக்கு வாய்த்த பெருஞ்செல்வம். ஒரே வாய்பாட்டில் தொடங்கி அடுக்கடுக்காக வருவதால் அவை எளிதில் மனத்தில் பதிந்துவிடும். ஆகவே ஸுஹைரைப் பற்றி எந்த வினா கேட்டாலும் அவையே விடையில் வந்து நிற்கும். வருணனையைக் கேட்டாலும் அவை. தலைவர் புகழ்ச்சியைக் கேட்டாலும் அவை. போரைக் கேட்டாலும் அவையே.

நாம் கூறவந்த முதல் தாளிலும் இதுவே நிகழ்ந்திருந்தது. எட்டு பைத்துகள். கறுப்பு மையில், இடமும் வலமும் கோடிட்டு, அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. எட்டில் ஏழு இறுதிப்பகுதி அறிவுரைகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "கவிஞர் கூறியது போல" என்றொரு தொடர். பின்னால் அடுத்த பத்தி. பைத்தில் உள்ள ஒரு சொல்லைப் பற்றியேனும் மாணவர் வாய் திறக்கவில்லை. அதே எட்டு பைத்துகளை, அதே வரிசையில், அன்று நாம் திருத்திய கட்டிலேயே வேறு பல தாள்களிலும் கண்டோம். கடைகளில் விற்கும் வழிகாட்டி நூலொன்றிலிருந்து அவை புறப்பட்டு வந்திருக்க வேண்டும்.

இரண்டாம் தாளில் ஒரு பைத்தும் முழுமையாக இல்லை. "பைத்தின் சொற்கள் எனக்கு நிறைவாக நினைவில்லை, பொருள் இது" என்று வெளிப்படையாக எழுதிவிட்டு அம்மாணவர் தொடர்ந்திருந்தார். போரைக் கவிஞர் திரிகைக்கு ஒப்பிடுகிறார். பிறகு கருவுற்று இரட்டைக் கன்றுகளை ஈனும் ஒட்டகைக்கு ஒப்பிடுகிறார். பிறகு இராக் நாட்டுச் சிற்றூர்களின் தானிய வருவாயோடு ஒப்பிடுகிறார். இம்மூன்றும் மனிதர் உயிர் வாழ்வதற்கு ஆதாரமானவை: மாவு, பிறப்பு, விளைச்சல். வாழ்வுக்குரிய சொற்களையெல்லாம் எடுத்துச் சாவுக்குச் சூட்டியிருக்கிறார் கவிஞர். இவ்வாறு எழுதிய பின்னர், தமக்கு உறுதியாக நினைவிருந்த இரண்டே வினைச்சொற்களை மட்டும் அரபியில் எடுத்தெழுதியிருந்தார். ஒன்று 'பாலூட்டுகிறது' என்னும் பொருளுடையது. மற்றது 'பால் மறக்கச் செய்கிறது' என்னும் பொருளுடையது. போர் பிள்ளையைப் பெற்றது என்பதோடு கவிஞர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது பாலூட்டி, பால் மறக்கடித்து வளர்க்கிறது என்கிறார். ஆகவே போர் ஒரு நாள் நிகழ்ச்சியன்று, ஒரு தலைமுறையையே வளர்த்தெடுக்கும் நெடுங்கால வேலை என்பதை இவ்விரண்டு சொற்களே காட்டுகின்றன என்பது அவர் கண்ட முடிவு.

வாசித்து முடித்தபோது நமக்கு மெய் சிலிர்த்தது. அக்கவிதையை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருந்தும் அந்த இரண்டு வினைச்சொற்களிடம் நாம் நின்றதில்லை.

ஆனால் நம்மிடம் தரப்பட்டிருந்த விடைக்குறிப்பில் மேற்கோள்களுக்கென்று தனியே மதிப்பெண் பங்கிடப்பட்டிருந்தது. எண்ணிப் பார்த்து இட வேண்டும். முதல் தாளுக்கு 12 கிடைத்தது. இரண்டாம் தாளுக்கு 9 இட்டோம். மேற்பார்வையாளர் அதையும் மிகை என்று கருதி 6 ஆக்கினார். "பைத்தே இல்லையே, ஹஜ்ரத்" என்றார். அவரைக் குறைகூறவில்லை; குறிப்பின்படி அவர் நடந்தார். நாமும் திருத்தத்தின் அருகே சுருக்கொப்பமிட்டோம். அதற்கு முன்பும் எத்தனை தாள்களில் அடிக்கோடுகளை எண்ணி மதிப்பெண் இட்டிருக்கிறோம் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

இந்த எண்ணிக்கை வழக்கம் நம் மரபிலிருந்து வந்ததுபோல ஒரு தோற்றம் இருக்கிறது. மத்ரஸாவில் ஓதியவர்கள் மனனத்தின் மதிப்பை அறிவார்கள். மனனம் செய்தவரே ஆலிம் என்னும் எண்ணமும் நம்மிடையே உண்டு. எனவே அதிக பைத்து எழுதியவருக்கு அதிக மதிப்பெண் என்பது முன்னோர் வழியே என்று சிலர் வாதிடுகின்றனர். முன்னோர் வழி அதுவன்று என்பதே நம் கருத்து.

ஹிஜ்ரி 180 அளவில் மறைந்த ஸீபவைஹியின் 'அல்கிதாப்' ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவிதையடிகளைச் சாட்சியாகக் கொண்டது. அபூ உமர் அல்ஜர்மி அவற்றை ஆராய்ந்து, 1050 பைத்துகளில் ஆயிரத்திற்கு உரிய கவிஞர்களின் பெயர்களைக் கண்டறிந்ததாகவும் ஐம்பதிற்குக் கண்டறிய இயலவில்லை என்று கூறியதாகவும் செய்தி உண்டு. அந்த ஐம்பதையும் பின்வந்தோர் ஏற்றது ஸீபவைஹியின் நம்பகத்தன்மையைக் கருதியே. (நம் வழிகாட்டி நூல்களின் ஆசிரியர்கள் அத்தகைய நம்பகத்தன்மையை இன்னும் ஈட்டவில்லை.) எனினும் அம்மாபெரும் நூலில் எந்த அடியும் எண்ணிக்கைக்காக வந்ததன்று. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வழக்கில், ஒரு குறிப்பிட்ட சொல்லின் ஈற்றுக்காகவோ அமைப்புக்காகவோ கூண்டில் ஏற்றப்பட்டது. 'மவ்ளிஉஷ் ஷாஹித்', அதாவது சாட்சியம் தங்கியிருக்கும் இடம், என்று உரையாசிரியர்கள் அந்தச் சொல்லைச் சுட்டிக் காட்டுவர். முழு பைத்தும் சாட்சியன்று. பைத்தின் ஒரு சொல்லே சாட்சி. மற்றவை அச்சொல் வந்து சேர்ந்த வாகனம். இரண்டாம் தாளை எழுதிய மாணவர் வாகனத்தைத் தவறவிட்டு நடந்தே வந்து சாட்சி சொன்னவர்.

இன்னொரு வேறுபாட்டையும் நம் ஆசிரியர்கள் நமக்குக் கற்பித்தார்கள். 'ஷாஹித்' வேறு, 'மிஸால்' வேறு. ஸைது அம்ரை அடித்தான் என்பது மிஸால். விதியை விளக்க ஆசிரியர் தாமே புனைந்துகொள்ளும் எடுத்துக்காட்டு. அதனால் எதையும் மெய்ப்பிக்க முடியாது. ஷாஹிதை எவரும் புனைய முடியாது. நம் தேர்வுத்தாள்களில் மேற்கோள் என்ற பெயரில் வருவனவற்றுள் பெரும்பாலானவை மிஸால்களே. ஒரு கருத்தை மாணவர் சொல்கிறார். அதே கருத்தைக் கவிஞரும் சொன்னதாக ஓர் அடியை எழுதுகிறார். ஒரு செய்தி இருமுறை சொல்லப்பட்டதே அன்றி மெய்ப்பிக்கப்படவில்லை.

புனைந்துகொள்வதும் நடக்கிறது. பாதி அடி மறந்துபோன மாணவர்கள் மீதியைத் தாமே யாத்து நிரப்பிவிடுவர். சிலருடைய நிரப்பலில் யாப்புக்கூடப் பிழைபடுவதில்லை. அந்தத் திறமைக்கென்று தனியே மதிப்பெண் வழங்கலாமா என்று நாம் தயங்கியதும் உண்டு. பழங்கவிதைகளை வாய்வழி அறிவித்த ஹம்மாத் அர்ராவியா போன்றோர் பெயரில் இதே குற்றச்சாட்டு எழுந்ததையும், இப்னு ஸல்லாம் அல்ஜுமஹி தமது கவிஞர் வரலாற்று நூலில் அத்தகைய கவிதைகளைப் பற்றி எச்சரித்ததையும், 1926இல் தாஹா ஹுஸைன் அந்த ஐயத்தை எல்லை கடந்து நீட்டியபோது எகிப்தில் எழுந்த பெரும் புயலையும் இங்கு நினைவுகூரலாம். எண்ணிக்கைக்குப் பரிசளிக்கும் இடத்தில் பொய்ச்சாட்சி பெருகுவது இயல்பே.

சொல் மறந்துபோனால் என்ன செய்வது? இதற்கும் நம் மரபில் விடை இருக்கிறது. அது ஹதீஸ் கலையிலிருந்து வருகிறது. நபிமொழியை அதன் பொருள் மாறாமல் வேறு சொற்களில் அறிவிக்கலாமா என்பது பழைய விவாதம். சொற்களின் பொருளையும் அவற்றிடையே உள்ள வேறுபாட்டையும் அறிந்தவருக்கு அது ஆகும் என்பது அறிஞர்களுள் பெரும்பாலோர் கருத்து. அவ்வாறு அறிவிக்கும்போது, 'அல்லது அவர்கள் கூறியவாறு' என்னும் பொருள்படும் ஒரு சிறு தொடரை இறுதியில் சேர்ப்பது ஒழுக்கம். அனஸ் (ரலி) அவர்கள் அவ்வாறு சேர்த்துச் சொல்லும் வழக்கமுடையவர்கள். "சொற்கள் நிறைவாக நினைவில்லை, பொருள் இது" என்று எழுதிய மாணவர் தம்மையறியாமலே அந்த ஒழுக்கத்தைப் பின்பற்றியிருக்கிறார். நாம் அவருக்கு அதன் பொருட்டே மதிப்பெண் குறைத்தோம்.

ஆயினும் இங்கே ஓர் எல்லையும் உண்டு. ஹதீஸை இலக்கணத்திற்குச் சாட்சியாக எடுக்கலாமா என்று இலக்கணிகள் தயங்கினர். மார்க்கச் சட்டத்தில் அத்துணை உயர்ந்த ஆதாரம் இலக்கணத்தில் ஏன் தயக்கத்திற்குரியதாயிற்று? பொருள்வழி அறிவிப்பு அனுமதிக்கப்பட்டிருப்பதால், குறிப்பிட்ட ஒரு சொல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாயிலிருந்து வந்ததா, அறிவிப்பாளர் இட்டதா என்பதில் உறுதியில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். 'அல்ஃபிய்யா' ஆசிரியர் இப்னு மாலிக் (இறப்பு ஹிஜ்ரி 672) ஹதீஸ்களைத் தாராளமாக எடுத்தாண்டார். அபூ ஹய்யான் அல்அந்தலுஸி அதற்காக அவரைக் கடிந்தார். பதினேழாம் நூற்றாண்டில் அப்துல் காதிர் அல்பக்தாதி, ஓர் உரைநூலில் வந்த சாட்சி அடிகளை விளக்குவதற்காகவே 'கிஸானதுல் அதப்' என்னும் பல தொகுதிப் பெருநூலை எழுதினார். அதன் முன்னுரையில் இவ்விவாதத்தையும் எடுத்துரைக்கிறார். எந்தக் கலைக்கு யார் சாட்சி என்பதையும் அங்கே காணலாம். சொல்லுக்கும் இலக்கணத்திற்கும் பழங்கவிஞர் மட்டுமே சாட்சி. அணிக்கும் பொருளுக்கும் பிற்காலக் கவிஞரும் சாட்சியாகலாம்.

இந்த நுட்பத்தைத் தேர்வறைக்குக் கொண்டுவந்தால் நம் குழப்பம் பெரிதும் தீர்கிறது. மாணவர் நிறுவ வருவது கவிதை என்ன சொல்கிறது என்பதையா, எப்படிச் சொல்கிறது என்பதையா? முன்னதாயின் பொருள்வழிச் சுட்டலே போதிய ஆதாரம். ஹரிமும் ஹாரிஸும் இழப்பீட்டை ஏற்றனர் என்று ஸுஹைர் பாடியிருக்கிறார் என்பதற்கு அந்த பைத்தை மனப்பாடமாக எழுத வேண்டியதில்லை; கவிதையில் அது வருமிடத்தைச் சுட்டினால் போதும். பின்னதாயின் சொல் மாறக்கூடாது. ஆனால் அதற்கு முழு பைத்தும் வேண்டியதில்லை. அந்தச் சொல் வேண்டும்.

ஒரு சாட்சியை எவ்வாறு விசாரிப்பது என்பதற்கு அரபுத் திறனாய்வில் புகழ்பெற்ற ஒரு வழக்கு உண்டு. ஹஜ்ஜை முடித்து மினாவிலிருந்து திரும்பும் பயணிகளைப் பற்றிய சில பைத்துகள் அவை. யார் பாடியவை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் இப்னு குதைபா, கவிஞர்களைப் பற்றிய தமது நூலில் அவற்றை எடுத்துக் காட்டி, சொல் இனிமையானது, தேடிப் பார்த்தால் பொருள் பெரிதாக ஒன்றுமில்லை என்று தீர்ப்பளித்தார். தீர்ப்புக்கு ஆதாரமாக அவற்றை உரைநடையில் சுருக்கியும் காட்டினார்: மினாக் கடமைகளை முடித்தோம், ஒட்டகங்களில் ஏறினோம், பேசிக்கொண்டே சென்றோம், அவ்வளவுதான் என்று. இப்னு ஜின்னீ இத்தீர்ப்பை ஏற்கவில்லை. பின்னர் ஹிஜ்ரி 471இல் மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி அதே அடிகளைத் தம் நூல்களில் மீண்டும் கூண்டேற்றினார்.

அவர் சுருக்கவில்லை, கேட்டார். எல்லாக் கடமைகளையும் ஒரு சொல்லில் அடக்கியது ஏன்? பேச்சின் 'ஓரங்கள்' என்று கவிஞர் கூறியது ஏன்? வழிப்பயணத் தோழர்கள் ஒன்றைத் தொட்டு ஒன்றை விட்டுக் குறிப்பாகப் பேசிக்கொள்ளும் இயல்பையும், கடமை முடித்த மனத்தின் இலேசையும் அச்சொல் கொண்டுவருகிறதல்லவா? இறுதியில் ஒட்டகங்கள் விரைந்த காட்சி. விரைவை நீரோட்டமாகக் கூறுவது எவரும் அறிந்த உவமை. ஆனால் ஓடிய செயலைக் கவிஞர் ஒட்டகங்களுக்குத் தரவில்லை, பள்ளத்தாக்குகளுக்குத் தந்தார். ஒட்டகம் என்றும் பொதுவாகச் சொல்லவில்லை. கழுத்தைத் தனியே எடுத்துச் சொன்னார். சொல்லை இடம் மாற்றி, ஒட்டகங்கள் பள்ளத்தாக்கில் ஓடின என்று அமைத்தால் அந்த அழகு போய்விடும் என்று ஜுர்ஜானி நிறுவுகிறார். சாட்சி ஒருவரே. இப்னு குதைபாவிடம் அவர் ஊமை, ஜுர்ஜானியிடம் பேசுகிறார். நம் கல்லூரிகளில் ஜுர்ஜானியின் பெயரையும் அவர் நூற்பெயர்களையும் இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்கிறோம். அவர் செய்த வேலையை எவரையும் செய்யச் சொல்வதில்லை.

மாணவர்களை மட்டும் குறை சொல்லித் தப்ப நாம் விரும்பவில்லை. நம் சமுதாயத்து இலக்கிய மாநாட்டு மலர்களையும் இதழ்களையும் புரட்டுவோர் அங்கும் அதே கறுப்பு மையைக் காண்பர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பற்றி எழுதுவோர் நாட்டு வருணனைப் பாடல்களை எடுத்தெழுதி, அரபு நாட்டைத் தமிழ் மருதமாகவே புலவர் பாடிவிட்டார் என்று வியந்து முடிப்பது வழக்கம். நாமும் ஒரு மலரில் அவ்வாறு எழுதியிருக்கிறோம். ஆனால் நாட்டு வளமும் நகர வளமும் பாடுவது காப்பியத்திற்கு விதிக்கப்பட்ட இலக்கணம். எந்தக் காப்பியப் புலவரும் பாடியே தீர வேண்டியவை. எல்லாப் புலவரும் சொல்லியாக வேண்டிய ஒன்று ஒரு புலவரின் தனி மனத்திற்குச் சாட்சியாவது எங்ஙனம்? மரபு விதித்த வழியிலிருந்து அவர் எங்கே விலகினார், எந்தச் சொல்லில் தயங்கினார், எங்கே மரபுச் சொல்லைத் தவிர்த்து அரபுச் சொல்லைத் தேர்ந்தார் என்று காட்டும் பாடல்களே அதற்குச் சாட்சி. அப்பாடல்களை எடுத்தெழுதுவோர் மிகச் சிலர். தேடி வாசிக்க வேண்டுமே. எங்களிடமும் இலக்கியம் உண்டு என்று காட்டுவதே நோக்கமாகும்போது மேற்கோள் சான்றிதழாகிவிடுகிறது. சான்றிதழை எவரும் வாசிப்பதில்லை, சட்டமிட்டு மாட்டுவர்.

தமிழ் உரையாசிரியர்களுக்கு இது நன்கு தெரிந்திருந்தது. ஒரு சொல்லாட்சிக்காக அவர்கள் எடுத்தாண்ட அடிகளாலும் வளையாபதியிலும் குண்டலகேசியிலும் சில பாடல்கள் இன்று நமக்கு மிஞ்சியுள்ளன.

இந்த எண்ணங்களின் விளைவாக, கடந்த ஆண்டு நம் வகுப்பின் உள்தேர்வில் ஒரு மாற்றம் செய்து பார்த்தோம். ஸுஹைரின் போர்ப்பகுதி பைத்துகளை வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அவற்றுள் ஏதேனும் மூன்று சொற்களைத் தேர்ந்து, கவிஞர் போரை எவ்வாறு காண்கிறார் என்பதை அவற்றைக் கொண்டு நிறுவுக என்று கேட்டோம். சக ஆசிரியர் ஒருவர் கடுமையாக மறுத்தார். மனனம் இல்லாவிட்டால் மத்ரஸாவுக்கும் மற்றப் பள்ளிக்கும் என்ன வேறுபாடு என்றார். அவர் அச்சத்தில் நியாயம் உண்டு. நெஞ்சில் இல்லாத கவிதையோடு எவரும் நெடுநேரம் வாழ முடியாது; இரண்டாம் தாளை எழுதிய மாணவருக்கும் அந்த இரண்டு சொற்கள் நெஞ்சில் இருந்ததால்தானே எழுத முடிந்தது? ஆகவே மனனத்தை வாய்மொழித் தேர்வாகத் தனியே வைத்துக்கொண்டோம். எழுத்துத் தேர்வில் அதை எண்ணுவதை மட்டும் விட்டோம்.

தேர்வு தொடங்கிய கால் மணி நேரத்தில், நன்றாக மனனம் செய்யக்கூடிய மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். வினாத்தாளைக் காட்டி, "ஹஜ்ரத், பைத்தையெல்லாம் நீங்களே கொடுத்துவிட்டீர்களே, இனி நான் என்ன எழுதுவது?" என்று கேட்டார்.